மங்காவும் சிவகாசி காமிக்ஸும்: வரைந்தவர் யார்?

மங்கா என்பது ஜப்பானியப் படக்கதைகளைக் குறிக்கும் சொல். அதை வரைபவரை அங்கே மங்காகா என்பர். ஓவியர் ஹொக்குசாய் 1814 முதல் வெளியிட்ட படத்தொகுதிகளுக்கும் இப்பெயர் உண்டு. ஆனால் அவை கதைகள் அல்ல. மனிதர், விலங்கு, தொழில், வேடிக்கை என்று கண்டதையெல்லாம் வரைந்து தொகுத்த ஏடுகள். இன்று நாம் மங்கா என்று சொல்வது, இரண்டாம் உலகப் போருக்குப் பின் வார, மாத இதழ்களில் தொடராக வளர்ந்து, பிறகு தொகுதிகளாக அச்சாகும் கருப்பு வெள்ளைப் படக்கதையை.

மங்காவின் வரலாற்றை முழுமையாகச் சொல்வது இக்கட்டுரையின் நோக்கமன்று. தமிழ்நாட்டில் படக்கதை அச்சுக்குத் தலைநகராக விளங்கிய சிவகாசியிலிருந்து பார்க்கும்போது மங்கா ஒரு கேள்வியை எழுப்புகிறது. ஒரு படக்கதை யாருடையது? அதில் வரும் வீரனுடையதா, அதை வரைந்தவருடையதா? சிவகாசியை ஒட்டியுள்ள விஸ்வநத்தத்தில் பள்ளிப் பிள்ளைகளின் நோட்டுப் புத்தகங்களைப் புரட்டினால் கடைசிப் பக்கத்தில் நருட்டோவின் நெற்றிப்பட்டையோ லூஃபியின் வைக்கோல் தொப்பியோ கிடைக்கும். நருட்டோவை வரைந்த மசாஷி கிஷிமோத்தோவின் பெயரையும், ஒன் பீஸ் தொடரை 1997 முதல் வரைந்துவரும் எய்ச்சிரோ ஓடாவின் பெயரையும் அப்பிள்ளைகள் தயங்காமல் சொல்கிறார்கள். அவர்களுடைய தாத்தாக்களிடம் இரும்புக்கை மாயாவியை வரைந்தவர் யார் என்று கேட்டால் பதில் வருவது அரிது.

பெயர் தெரியாத கைகள்

எம். சௌந்தரபாண்டியன் சிவகாசியிலிருந்து 1972இல் முத்து காமிக்ஸைத் தொடங்கினார். அதன் முதல் இதழ் 'இரும்புக்கை மாயாவி'. அவருடைய மகன் எஸ். விஜயன் 1984இல் லயன் காமிக்ஸைத் தொடங்கினார். வேட்டி கட்டிய பெரியவர்களும் பள்ளிச் சீருடைப் பையன்களும் ஒரே புத்தகத்துக்குக் காத்திருந்தது தமிழ் வாசிப்பு வரலாற்றில் அடிக்கடி நிகழ்ந்ததல்ல. அந்த அளவில் இந்த இரு பெயர்களும் இலக்கிய வரலாற்று நூல்களில் இடம்பெறத் தக்கவை. இடம்பெறுவதில்லை என்பது வேறு.

மாயாவியின் மூலக்கதை 1962இல் இங்கிலாந்தின் வேலியண்ட் வார இதழில் தொடங்கியது. கையை இழந்து இரும்புக்கை பொருத்தப்பட்ட ஒருவன் மின்சாரம் பாய்ந்தால் மறைந்துபோவான். இரும்புக்கை மட்டும் தெரியும். கதையாகச் சொன்னால் இரண்டு வரி. ஆனால் வரைபவருக்கு இதைவிடக் கடினமான வேலை இல்லை. கதாநாயகனே இல்லாத கட்டத்தில், அந்தரத்தில் மிதக்கும் ஒரு கையை வைத்துக்கொண்டு கோபத்தையும் அவசரத்தையும் காட்டவேண்டும். ஸ்பெயின் நாட்டு ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோ அதைச் செய்தார். விரல்கள் கதவுப் பிடியைப் பற்றும் விதத்திலேயே மறைந்திருப்பவனின் மனநிலை தெரியும். ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகும் தமிழ் வாசகர் நினைவில் நிற்பது அந்தக் கைதான். அதற்கு உயிர் கொடுத்தது கதைச் சுருக்கமன்று, பிளாஸ்கோவின் மை.

இதே நிலைதான் ஸ்பைடருக்கும். நெற்றியில் கூராக இறங்கும் முடி, காதின் கூர்மை, கோபுரம்போல் அடுக்கிய நிழல்கள் ஆகியவற்றை வரைந்தவர் ரெக் பன். அக்கதைகளில் பலவற்றை எழுதியவர் சூப்பர்மேனை உருவாக்கிய இருவரில் ஒருவரான ஜெர்ரி சீகல். இந்தச் செய்தி அக்காலத்தில் அட்டையில் அச்சாகியிருந்தால் விற்பனை கூடியிருக்கும் என்றே தோன்றுகிறது.

பழியைச் சிவகாசியின் தலையில் மட்டும் போடுவது நியாயமாகாது. பிரிட்டிஷ் வார இதழ்களே அன்று ஓவியர் பெயரை அச்சிடுவதில்லை. பெயரில்லாமல் வந்த சரக்கு பெயரில்லாமலே விற்றது. இன்று உரிமை பெற்று வெளியாகும் ஐரோப்பியக் கதைகளில் எழுதியவர், வரைந்தவர் பெயர்கள் இருக்கின்றன. இருந்தும் பேச்சு வீரனைச் சுற்றியே நடக்கிறது. 'கேப்டன் டைகர்' என்று நாம் கொண்டாடும் குதிரைவீரனை வரைந்த ழான் ஜிரோதான், மோபியஸ் என்ற புனைபெயரில் உலகப் படக்கதையின் போக்கையே திருப்பியவர். டைகரை நேசிக்கும் வாசகர்களில் எத்தனை பேர் மோபியஸைத் தேடிப் போயிருப்பார்கள்?

தமிழ் வாசகருக்கு ஓவியர் பெயரில் அக்கறை இல்லை என்றும் சொல்லமுடியாது. பொன்னியின் செல்வன் என்றதும் கல்கிக்கு அடுத்து மணியம் பெயர் வருகிறது. கோபுலுவின் கோட்டைக் கையெழுத்து இல்லாமலே கண்டுபிடிப்பார்கள். கணேஷையும் வசந்தையும் சுஜாதா எழுதினார், ஜெயராஜ் முகம் கொடுத்தார் என்பது அறுபது வயதைத் தாண்டிய எவருக்கும் தெரியும். சிவகாசி அச்சகங்களிலேயே இதற்கு எடுத்துக்காட்டு உண்டு. கோவில்பட்டியில் வாழ்ந்த கொண்டைய ராஜு (1898–1976) வரைந்த சாமிப் படங்கள் சிவகாசியில் நாட்காட்டிகளாக அச்சாகி வீடுதோறும் தொங்கின. படத்தின் கீழ் அவர் பெயர் இருந்தது. சில படங்களில் டி. எஸ். சுப்பையா, ராமலிங்கம் போன்ற மாணவர் பெயரும் சேர்ந்தே இருந்தது. நாட்காட்டியில் ஓவியர் பெயரைப் போட்ட அதே ஊர், படக்கதையில் அதைக் கேட்டு வாங்கவில்லை. காரணம் எளிது. நாட்காட்டி ஓவியர் பக்கத்து ஊர்க்காரர், படக்கதை ஓவியர் கடல் கடந்தவர்.

வரைந்தவரே ஆசிரியர்

மங்காவில் நிலைமை தலைகீழ். பெரும்பாலான தொடர்களில் எழுதுபவரும் வரைபவரும் ஒருவரே. டெத் நோட் போல இருவர் சேர்ந்து செய்பவை உண்டு என்றாலும், அங்கும் இருவர் பெயரும் அட்டையில் இருக்கும். இந்த வழக்கத்தை நிலைநிறுத்தியவர்களில் முதன்மையானவர் ஒசாமு தெசுகா (1928–1989). மருத்துவம் படித்தவர். 1947இல் வெளியான 'புதிய புதையல் தீவு' இளம் வாசகரிடம் அவரைக் கொண்டுசேர்த்தது. 1952இல் தொடங்கிய அஸ்ட்ரோ பாய் அவரை நாடறியச் செய்தது. அவர் சாதனை, திரைப்படக் கேமரா நகர்வதுபோல் கட்டங்களை நகர்த்தியது. ஒரு கார் வருவதை ஒரே கட்டத்தில் முடிக்காமல் பல கட்டங்களுக்கு நீட்டுவார். இதனால் பக்கங்கள் கூடின. பக்கங்கள் கூடியதால் முகபாவத்துக்கும் மௌனத்துக்கும் இடம் கிடைத்தது. முத்து காமிக்ஸ் வாசகர் பழகிய பிரிட்டிஷ் பாணி இதற்கு நேர் எதிர். அங்கே வாரத்துக்கு இரண்டு மூன்று பக்கந்தான். ஒவ்வொரு கட்டமும் கதையை இழுத்துக்கொண்டு ஓடவேண்டும்.

பெயர் கிடைப்பதற்கு ஒரு விலையும் உண்டு. 1968இல் தொடங்கிய ஷோனென் ஜம்ப் இதழ் 1995இல் 65 லட்சம் பிரதிகளைத் தாண்டியது. அதில் எழுதும் மங்காகா ஒவ்வொரு வாரமும் இருபது பக்கத்துக்கு நெருக்கமாக முடித்துக் கொடுக்கவேண்டும். வாசகர் அனுப்பும் வாக்கு அட்டைகளில் பின்தங்கினால் சில மாதங்களிலேயே தொடர் நிறுத்தப்படும். தூக்கமின்மை, முதுகுவலி, நடுவில் நின்றுபோகும் தொடர்கள் இவை மங்கா உலகில் அன்றாடச் செய்தி. மூன்று பதிற்றாண்டுகளுக்கு மேல் பெர்செர்க் தொடரை வரைந்த கென்தாரோ மியூரா 2021இல் 54 வயதில், கதை முடியும் முன்பே இறந்தார். ஒவ்வொரு பக்கத்திலும் அவர் போட்டிருக்கும் கோடுகளின் அடர்த்தியைப் பார்த்தால் வியப்போடு சற்றுக் கலக்கமும் வருகிறது.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். மங்காகாவின் பெயருக்குப் பின்னே உதவியாளர் கூட்டம் ஒன்று இருக்கிறது. கட்டடம், மரம், கூட்டம், வேகக்கோடு, புள்ளித்திரைத் தாள் ஒட்டுவது எல்லாம் பெரும்பாலும் அவர்கள் கைவேலை. அட்டையில் இருப்பதோ ஒரே பெயர். தம் பெயரோடு மாணவர் பெயரையும் படத்தில் போட்ட கொண்டைய ராஜு இந்த ஒரு விஷயத்தில் தோக்கியோவைவிடத் தாராளமானவர். ஆகவே மங்காவைப் பெயர் போடும் நேர்மைக்கு முழு முன்மாதிரியாகக் கொள்ளத் தேவையில்லை. ஆனால் ஒரு கதையைப் படித்தபின் அதே கை வரைந்த மற்றொன்றைத் தேடிப் போகும் பழக்கத்தை அது வாசகரிடம் உண்டாக்கியிருக்கிறது. விமர்சனம் தொடங்குவது அந்த இடத்தில்தான். மாயாவியின் ரசிகன் அடுத்த மாயாவியை மட்டுமே தேடுவான். தெசுகாவின் வாசகன், ரோபோ சிறுவனைப் படைத்தவர் புத்தரை எப்படி வரைந்தார் என்று கேட்பான்.

தெசுகாவின் புத்தர்

அந்தக் கேள்வி நமக்கும் நெருக்கமானது. தெசுகா 1972 முதல் 1983 வரை வரைந்த 'புத்தர்' கதை நடப்பது இந்திய மண்ணில். ஆங்கிலத்தில் எட்டுத் தொகுதிகளாக வந்து, இந்தியப் பதிப்பாகவும் கிடைக்கிறது. மங்காவை முதன்முதலாகப் படிக்க விரும்பும் தமிழ் மாணவருக்கு நான் பரிந்துரைப்பது இதைத்தான். குறைகளையும் சேர்த்தே பரிந்துரைக்கிறேன்.

தொடக்கம் அபாரம். பனியில் விழுந்த முதியவருக்கு உணவு கொடுக்க எதுவும் கிடைக்காத முயல், தன்னையே தீயில் இட்டுக்கொள்ளும் சாதகக் கதையை ஏறத்தாழப் பேச்சே இல்லாமல் வரைந்திருக்கிறார். பசிப்பிணி தீர்ப்பதை அறத்தின் உச்சமாக வைத்த மணிமேகலை பிறந்த மொழியில் படிப்பவருக்கு, இந்தப் பக்கங்கள் எங்கோ அயல்நாட்டிலிருந்து வந்தவையாகத் தோன்றா.

சித்தார்த்தர் பிறப்பதற்கு முன்பே கதையைப் பிடித்துக்கொள்பவர்கள் இரண்டு சிறுவர்கள். இருவரும் தெசுகாவின் கற்பனை. அடிமையாகப் பிறந்த சாப்ரா, ஒரு தளபதியைக் காப்பாற்றி, பிறப்பை மறைத்து அவர் மகனாக உயர்கிறான். உண்மை வெளிப்பட்டதும் தாயோடு கொல்லப்படுகிறான். மற்றொருவன் தத்தா, எல்லாருக்கும் கீழே வைக்கப்பட்ட குலத்துச் சிறுவன், விலங்குகளின் உடலுக்குள் புகுந்து செயல்படும் ஆற்றல் உடையவன். புத்தரின் கதையைச் சாதியிலிருந்து தொடங்கவேண்டும் என்று ஓர் அயல்நாட்டு ஓவியருக்குத் தோன்றியிருக்கிறது. நம் சிறுவர் நூல்களில் புத்தர் பெரும்பாலும் அரண்மனையில் தொடங்கி அரசமரத்தடியில் முடிகிறார்.

இங்கே தமிழ் மொழிபெயர்ப்பாளர் ஒரு முள்ளை மிதிப்பார். தத்தாவைக் குறிக்க ஆங்கிலப் பதிப்பில் வரும் சொல், தமிழ்ச் சாதிப் பெயர் ஒன்றிலிருந்து ஆங்கிலத்துக்குப் போய், 'ஒதுக்கப்பட்டவர்' என்ற பொருளில் வசையாகத் திரிந்தது. கபிலவஸ்துவின் பண்டைக்காலக் கதைக்கு அது பொருந்தாது என்பது ஒரு பக்கம். அதைவிட, வாழும் மக்களின் பெயரை அவமானச் சொல்லாக அவர்கள் மொழிக்கே திருப்பிக் கொண்டுவரக்கூடாது. ஆங்கிலத்தை இடையில் வைத்துச் செய்யும் தமிழாக்கம் இப்படித்தான் மாட்டிக்கொள்ளும். மூல ஜப்பானியத்தைப் பார்த்து வேறு சொல் காண்பதே முறை.

தெசுகாவைப் பற்றி அடிக்கடி எழும் குறை, துயரம் உச்சத்துக்குப் போகும்போது நடுவே ஒரு கேலி நுழைவது. பண்டைக்கால வீரன் திடீரென நவீன நகரங்களைப் பற்றிப் பேசுவான். தெசுகாவே மூக்குக் கண்ணாடியோடு ஒரு மூலையில் தலைகாட்டுவார். மேற்கத்திய வாசகர் சிலர் இதற்கு முகம் சுளிக்கிறார்கள். தெருக்கூத்துப் பார்த்தவருக்கு இதில் வியப்பில்லை. துரியோதனன் சபைக்கு நடுவில் கட்டியங்காரன் நின்று ஊர்ப் பஞ்சாயத்தைக் கிண்டல் செய்வதில்லையா? பார்வையாளர் சிரித்துவிட்டு மறுபடி அழத் தயாராவார்கள். தெசுகாவின் கேலி எல்லா இடத்திலும் வெற்றி பெறவில்லை. சில இடங்களில் வெறும் பழக்கதோஷம். ஆனால் அதைக் கலைக்குறை என்று மொத்தமாகத் தள்ளுவது கூத்தை அறியாதவர் தீர்ப்பு.

உண்மையான குறை வேறு. பெண்களுக்கு இந்த நூலில் மனம் குறைவு, உடல் அதிகம். பல பெண் பாத்திரங்கள் மேலாடையின்றியே உலவுகிறார்கள். பழஞ்சிற்பங்களைக் காட்டிச் சமாதானம் சொல்லலாம், சொன்னாலும் கதையில் அவர்களுக்குச் செய்ய வேலை இல்லை என்பது மாறாது. பள்ளி நூலகத்துக்கு இந்நூலைப் பரிந்துரைக்க முயலும் ஆசிரியர் முதலில் சந்திக்கும் தடையும் இதுவே.

குமிழியும் ஒலியும்

மங்காவின் தாக்கம் தமிழ்நாட்டுக்கு முதலில் வந்தது குரல் வழியாக. சின்சான் தமிழில் பேசினான். அவனை வரைந்த யோஷித்தோ உசுயி 2009இல் மலையேறப் போய் விழுந்து இறந்த செய்தி அவனைப் பார்த்துச் சிரித்த வீடுகளுக்கு எட்டவில்லை. 2025 செப்டம்பரில் டீமன் ஸ்லேயர் திரைப்படம் தமிழ்க் குரலோடு திரையரங்குக்கு வந்தபோது இளைஞர் கூட்டம் அலைமோதியது. கொயோஹாரு கோதோகே வரைந்த அதன் மூலம் 23 தொகுதிகள். படம் பார்த்து வந்து அதைத் தேடும் கல்லூரி மாணவர் கையில் எடுப்பது ஆங்கிலப் பதிப்பை.

தமிழ்ப் பக்கமாக அதை மாற்றுவதில் உள்ள இடர்கள் தொழில் சார்ந்தவை. முதலாவது, வாசிப்புத் திசை. மங்கா வலமிருந்து இடமாகச் செல்லும். பக்கத்தைக் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பி அச்சிட்டால் வாசகருக்கு வசதி, ஆனால் வலக்கையால் வாள் வீசுபவர் எல்லாம் இடக்கைக்காரர் ஆகிவிடுவர். கிமோனோ உடையில் இடப்புறம் மேலே வரும்படி உடுத்துவது வாழ்பவர் வழக்கம். வலப்புறத்தை மேலே இடுவது பிணத்துக்கு. திருப்பிய பக்கத்தில் உயிரோடு இருப்பவர் எல்லாம் பிணக்கோலத்தில் நடமாடுவார்கள். ஆகவே திருப்பாமல் விடுவதே நல்லது. பிள்ளைகள் ஒரு மணி நேரத்தில் பழகிக்கொள்கிறார்கள்.

இரண்டாவது, பேச்சுக் குமிழி. ஜப்பானியம் மேலிருந்து கீழாக எழுதப்படுவதால் குமிழிகள் ஒடுங்கி உயர்ந்திருக்கும். தமிழோ கிடையாக நீளும் மொழி. 'போய்க்கொண்டிருக்கிறார்கள்' என்ற ஒரே சொல் குமிழியின் இரண்டு சுவரையும் இடித்துவிடும். எழுத்தைச் சிறிதாக்கினால் கண்ணுக்குக் கேடு, சொல்லை உடைத்தால் வாசிப்புக்குக் கேடு. 'போறாங்க' என்றால் அடங்கிவிடுகிறது. சிவகாசி காமிக்ஸில் வீரர்கள் நெடுங்காலம் எழுத்துத் தமிழில் பேசினார்கள், 'என்ன விபரீதம்!' என்ற பாணிக்கே தனி ரசிகர் கூட்டம் உண்டு. மங்காவில் பேச்சுத் தமிழா எழுத்துத் தமிழா என்பதை இலக்கணம் முடிவு செய்யாது, குமிழியின் அகலம் முடிவு செய்யும்.

மூன்றாவதில் தமிழுக்குத்தான் ஆதாயம். மங்காவில் ஒலி என்பது படத்தின் ஒரு பகுதி. கட்டத்தின் குறுக்கே ஓவியமாகவே எழுதப்படும். ஜப்பானியத்தில் இரட்டித்து வரும் ஒலிச்சொற்கள் ஏராளம். இதயம் 'தொக்கிதொக்கி' என்று அடிக்கும், நட்சத்திரம் 'கிராகிரா' என்று மின்னும், இடி 'கொரோகொரோ' என்று உருளும். ஆங்கில மொழிபெயர்ப்பாளர் இவற்றோடு திணறுவது பக்கத்துக்குப் பக்கம் தெரிகிறது. நமக்குத் தொல்காப்பியம் தொட்டே இரட்டைக்கிளவி இருக்கிறது. பிரித்தால் பொருள் தராது என்று தேர்வுக்கு எழுதவைத்தே அதை வறட்டு விதியாக்கிவிட்டோம். 'திக்திக்', 'மினுமினு', 'கடகட' என்று உடனே சொல் கிடைக்கிறது. மௌனத்துக்கே ஜப்பானியர் 'ஷீன்' என்று ஓர் ஒலி வைத்திருக்கிறார்கள். நம்மிடம் 'கப்சிப்' உண்டு. ஆனால் அதில் யாரோ அதட்டிய வாடை இருக்கிறது. வகுப்பறைக்குப் பொருந்தும், நள்ளிரவுக் காட்டுக்குப் பொருந்தாது.

எல்லாச் சொல்லும் இப்படி எளிதாக அமையாது என்பதற்குக் கெய்ஜி நகாசவாவின் 'வெறுங்கால் கென்' சான்று. நகாசவா (1939–2012) ஹிரோஷிமாவில் குண்டு விழுந்தபோது ஆறு வயதுச் சிறுவன். பள்ளிச் சுவர் மறைத்ததால் பிழைத்தார். தந்தையும் அக்காவும் தம்பியும் வீட்டின் அடியில் சிக்கி இறந்தனர். அந்தக் கதையை அவர் 1973இல் ஷோனென் ஜம்பில், விளையாட்டும் சண்டையும் நிறைந்த சிறுவர் தொடர்களுக்கு நடுவே வரையத் தொடங்கினார். கோடுகள் முரட்டுத்தனமானவை, முகங்கள் மிகையானவை, பையன்கள் எந்நேரமும் ஒருவரையொருவர் குத்திக்கொள்கிறார்கள். நயமான ஓவியம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் ஆறு வயதுப் பார்வைக்கு அந்த முரட்டுக் கோடுதான் உண்மை. நிழல் தீட்டி அழகுபடுத்தியிருந்தால் அது பெரியவர் எழுதிய நினைவஞ்சலி ஆகியிருக்கும். 2023இல் ஹிரோஷிமா மாநகரக் கல்வித்துறையே இதைத் தன் அமைதிக் கல்விப் பாடத்திலிருந்து நீக்க முடிவெடுத்தது. எழுதியவர் போன பின்னும் அந்தப் பக்கங்கள் பெரியவர்களுக்குச் சங்கடம் தருகின்றன.

தப்பிப் பிழைத்தவர்கள் அந்தக் குண்டை 'பிக்காதோன்' என்று அழைத்தார்கள். பிக்கா என்பது பளிச்சிட்ட ஒளி, தோன் என்பது தொடர்ந்து வந்த முழக்கம். இரண்டு ஒலிக்குறிப்புகள் சேர்ந்து ஒரு நகரத்தின் அழிவுக்குப் பெயராயின. இதைத் தமிழில் எப்படி எழுதுவது? 'பளீர்' ஒளிக்கு ஓரளவு பொருந்தும். 'டமார்', 'டமால்', 'டுமீல்' மூன்றும் காமிக்ஸ் தேய்த்துத் தேய்த்து வேடிக்கைச் சொற்களாகிவிட்டன. தமிழ்நாட்டின் மற்ற ஊர்களில் அவை தீபாவளியை நினைவூட்டும். இந்த வட்டாரத்தில் அப்படியும் அல்ல. பகலில் தொலைவில் ஒரு முழக்கம் கேட்டால், எந்த ஆலை, இன்று வேலைக்குப் போனது யார் என்று கேட்டுக்கொண்டு ஆட்கள் தெருவுக்கு வருவார்கள். அப்போது அந்தச் சத்தத்தை யாரும் டமார் என்று சொல்வதில்லை. 'சத்தம் கேட்டுச்சா?' என்பார்கள், அவ்வளவுதான். நகாசவாவின் அந்தப் பக்கத்துக்குத் தமிழ் எழுத்து வரைபவர் ஒலிச்சொல் எதுவும் இடாமல் கட்டத்தை வெறுமையாக விட்டாலும், மூல எழுத்தை அப்படியே படமாக நிறுத்தி ஓரத்தில் பொருள் எழுதினாலும், இரண்டுமே 'டமார்' என்று எழுதுவதைவிடச் சரியாக இருக்கும்.